பட்டமரம் விழப் புயல் வேண்டாம்

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னைக்கு அருகே கரையைக் கடந்தபோது, சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம் மாவட்டங்களில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. அவற்றில் பெரும்பாலானவை பச்சை மரங்கள். அதன் பிறகு நம் மக்களிடம் ஓர் எண்ணம் தங்கிவிட்டது. புயல் வந்தால்தான் மரம் விழும். எது விழும், எது நிற்கும் என்று யாரால் சொல்ல முடியும் என்பதே அது. பச்சை மரத்துக்கு இது ஓரளவு பொருந்தும். பட்டமரத்துக்குப் பொருந்தாது. அது விழப்போவது உறுதி. எந்த நாள் என்பதுதான் தெரியாது. ஆடிக்காற்றே போதும், காற்றில்லாத மழைநாளில் ஊறிய வேர்மண்ணும் போதும். முன்கூட்டியே தெரிந்த இந்த ஆபத்தை வீட்டு வாசலில் வைத்துக்கொண்டு காலம் கடத்துவது சரியல்ல.

அத்திப்பட்டு, மீஞ்சூர் பகுதியை எடுத்துக்கொள்வோம். சென்னையின் குடிநீருக்கும் பாசனத்துக்கும் நிலத்தடி நீரை அளவுக்கு மீறி எடுத்ததால் கடல்நீர் உள்ளே புகுந்த பகுதி இது. அனல்மின் நிலையமும் துறைமுகமும் தொழிற்சாலைகளும் வந்த பின் வயல்கள் மனைகளாகின. இப்படி மாறிய மனையில் பழைய தென்னையும் மாவும் வேம்பும் மட்டும் அப்படியே நிற்கும். தாழ்வான மனையை மேடாக்க லாரி லாரியாக மண் கொட்டுகிறார்கள். அடிமரம் இரண்டடி மண்ணுக்குள் புதைந்தால் வேருக்குக் காற்று கிடைக்காது. சுற்றுச்சுவர் அடித்தளத்துக்குப் பக்கவேரை வெட்டுகிறார்கள். வாசலுக்குச் சிமென்ட் தளம் போடுகிறார்கள். மரம் உடனே சாவதில்லை. இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்துப் பட்டுப்போகும்போது காரணம் யாருக்கும் நினைவில் இருப்பதில்லை. அதற்குள் அதன் கீழே ஓட்டுவீடும் மின்கம்பியும் வந்திருக்கும்.

முதலில் மரம் உண்மையிலேயே பட்டுவிட்டதா என்று பார்க்க வேண்டும். உதிய மரம் கோடையில் இலையை முழுக்க உதிர்ப்பது அதன் இயல்பு. வேப்பமரம் நுனிக்கருகல் பூஞ்சையாலும் தேயிலைக் கொசுவாலும் தீப்பட்டதுபோல் கருகினாலும் பெரும்பாலும் மறுபடி துளிர்த்துவிடும். அதைப் பட்டமரம் என்று வெட்டுவது வீண் இழப்பு. சுள்ளியின் பட்டையை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சையும் ஈரமும் இருந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாகக் காய்ந்திருந்தால் அடுத்த கிளையிலும், கடைசியாக அடிமரத்திலும் பாருங்கள். எங்கும் பச்சை இல்லை, பட்டை தானாகக் கழன்று விழுகிறது, ஒரு பருவம் முழுக்கத் துளிர் இல்லை என்றால் மரம் பட்டுவிட்டது.

தென்னைக்கும் பனைக்கும் கணக்கு வேறு. அவற்றுக்கு வளரும் குருத்து ஒன்றே ஒன்றுதான். குருத்தழுகலோ சிவப்புக் கூன்வண்டோ இடியோ அந்தக் குருத்தைக் கொன்றுவிட்டால் மரம் மறுபடி துளிர்க்காது. மொட்டையாக நிற்கும் தென்னை வெளியே உறுதியாகத் தெரிந்தாலும் உள்ளே சோறு அழுகிக்கொண்டே வரும்.

உயிருள்ள மரத்திலும் சில அறிகுறிகளை அலட்சியப்படுத்தக் கூடாது. அடிமரத்தை ஒட்டிக் காளான் முளைப்பது, தென்னையின் அடித்தண்டில் செம்பழுப்புச் சாறு வடிவது, தட்டினால் பொந்து ஓசை கேட்பது, நேராக நின்ற மரம் புதிதாகச் சாய்வது, சாய்வுக்கு எதிர்ப்பக்கம் மண் வெடித்து மேலெழும்புவது ஆகியவை அவை. கடைசி இரண்டும் தெரிந்தால் நாள் பார்க்க வேண்டாம். அன்றே கீழே புழங்குவதை நிறுத்துங்கள்.

பட்டமரம் எல்லாவற்றையும் வெட்ட வேண்டும் என்பதில்லை. மரத்தின் உயரத்தைப்போல் ஒன்றரை மடங்கு தூரத்துக்குள் வீடு, மாட்டுக்கொட்டகை, பாதை, மின்கம்பி, குழந்தைகள் விளையாடும் இடம் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், வயல்வரப்பில் நிற்கும் மொட்டைப்பனை கிளிக்கும் ஆந்தைக்கும் வீடாக இருக்கட்டும். ஆந்தை எலியைப் பிடிக்கும், லாபம் நமக்குத்தான். பட்ட தென்னைக்கு மட்டும் இந்தச் சலுகை கூடாது. அழுகும் தென்னைத் தண்டில் காண்டாமிருக வண்டு முட்டையிட்டுப் பெருகி, பக்கத்துத் தோப்பின் குருத்துகளைக் குடையும். வெட்டியதை அப்படியே போட்டுவைப்பதும் அதே தவறுதான். தஞ்சாவூர் வாடல் நோயில் பட்ட மரமானால் அடிக்கட்டையையும் வேரையும் தோண்டி அப்புறப்படுத்த வேண்டும்.

இவ்வளவு தெரிந்தும் ஏன் விட்டுவைக்கிறோம்? முதல் காரணம் பணம். நல்ல மரத்தை வியாபாரி காசு கொடுத்து வாங்கிப்போவார். உளுத்த மரத்துக்கு நாம்தான் கூலி தர வேண்டும். மரம் பட்ட முதல் ஆண்டிலேயே வெட்டினால் கட்டைக்காவது விலை கிடைக்கும். வெட்டுபவருக்கும் ஆபத்து குறைவு. தள்ளிப்போடப்போட விலை குறையும், கூலி ஏறும். பட்ட தென்னையில் ஆளை ஏற்றவே கூடாது. கயிறு கட்டிய ஆளின் எடையை உளுத்த மரம் தாங்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை. கிரேன் அல்லது பக்கத்து உறுதியான மரத்தின் துணையோடு, மேலிருந்து துண்டு துண்டாக இறக்கத் தெரிந்தவர்களே வெட்ட வேண்டும். மின்கம்பிக்கு அருகில் என்றால், மின்வாரியம் மின்சாரத்தை நிறுத்திய பிறகே கோடரியைத் தொட வேண்டும். மின்னகம் எண் 94987 94987.

இரண்டாவது, அனுமதி பற்றிய குழப்பம். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021ஆம் ஆண்டு வேளாண் நிதிநிலை அறிக்கையில் அரசு அறிவித்தது. அதனால் பட்ட பனையானாலும் கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டுவிட்டே கை வைக்க வேண்டும். புறம்போக்கில் நிற்கும் மரத்தை நாமே வெட்ட முடியாது; புகைப்படத்துடன் மனு கொடுத்து ஒப்புகை பெற வேண்டும்.

மூன்றாவது, பக்கத்து வீட்டுக்காரர். அவர் மரம் நம் கூரைமேல் சாய்ந்து நிற்கும், சொன்னால் மனக்கசப்பு. முதலில் நல்ல முறையில் பேசுங்கள், செலவில் பங்கு தருவதாகச் சொல்லுங்கள். அசையவில்லை என்றால் சட்டம் இருக்கிறது. விழுந்து ஆளுக்குக் காயம் ஏற்படுத்தும் நிலையிலுள்ள மரத்தை அகற்றவோ முட்டுக்கொடுக்கவோ ஆணையிடும் அதிகாரம், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152ஆம் பிரிவின்படி கோட்டாட்சியருக்கு உண்டு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இதுவே 133ஆம் பிரிவு. வழக்கறிஞர் இல்லாமலே மனு கொடுக்கலாம். இதைப் பலர் அறியாததால்தான் வாய்ச்சண்டையோடு நின்றுவிடுகிறார்கள்.

ஆனால் எல்லாப் பொறுப்பையும் வீட்டுக்காரர் தலையில் கட்டுவது நியாயமாகாது. தனியாக வாழும் மூதாட்டி பல ஆயிரம் ரூபாய் கொடுத்துக் கிரேன் அழைக்க முடியுமா? இயற்கைப் பேரிடரில் ஒருவர் இறந்தால் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் தருகிறோம். காற்றே இல்லாத நாளில் விழுந்த பட்டமரத்தைப் பேரிடர் என்று நிரூபிக்கவே அந்தக் குடும்பம் அலைய வேண்டியிருக்கும். செத்தபின் தருவதில் சிறு பங்கை முன்னதாகச் செலவிட்டால் உயிரே மிஞ்சும்.

அதற்குப் புதிய திட்டம் எதுவும் வேண்டாம். ஆகஸ்ட் 15 கிராமசபை இருக்கிறது. வடகிழக்குப் பருவமழைக்கு ஏறக்குறைய இரண்டு மாதம் முன்பு வரும் கூட்டம் அது. ஒவ்வொரு ஊராட்சியும் ஆடி மாதத்திலேயே தெருத்தெருவாகப் பட்டமரங்களைக் கணக்கெடுத்து, அந்தப் பட்டியலைக் கூட்டத்தில் வாசிக்க வேண்டும். தோட்டக்கலை அலுவலர் ஒருவர் உடன் வந்தால் துளிர்க்கும் வேம்பும் தப்பிக்கும். ஊருக்குப் பொதுவாக ஒரு வெட்டுக்குழுவை ஒரே நாளில் அழைத்தால் கிரேன் வாடகை எல்லோருக்கும் குறையும். இயலாதவர்களின் பங்கை ஊராட்சி ஏற்கலாம். தொழிற்சாலைகள் தங்கள் சமூகப் பொறுப்பு நிதியிலிருந்தும் தரலாம். அக்டோபர் 2 கிராமசபையில் எத்தனை மரம் அகற்றப்பட்டது, எது பாக்கி என்று கேட்க வேண்டியது நம் கடமை.

வெட்டிய ஒவ்வொரு மரத்துக்கும் இன்னொன்று நட வேண்டும். நடும்போதே சுவரிலிருந்தும் கம்பியிலிருந்தும் தள்ளி நடுங்கள். மனைக்கு மண் கொட்டும்போது அடிமரத்தைச் சுற்றிப் பள்ளம் விடுங்கள். இன்றைய பச்சை மரம் நாளைய பட்டமரம் ஆகாமலிருக்க அதுவே முதல் மருந்து.