வெளியே புதுசு, உள்ளே மொட்டை: மின்சார கார்களின் பின் டயர் பிரச்சினை

காரைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்த்தால் நாலு டயரும் நன்றாகத்தான் இருக்கும். பஞ்சர் போட பின் சக்கரத்தைக் கழற்றிப் புரட்டும்போதுதான் தெரியும், உள்ஓரத்தில் இரண்டு விரல் அகலத்துக்குப் பட்டனே இல்லை என்பது. சில டயரில் கம்பியே எட்டிப் பார்க்கும். முன் சக்கரம் என்றால் ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்துவிட்டு உள்ஓரத்தைப் பார்த்துவிடலாம். பின் சக்கரம் திரும்பாது. அதனால் யாரும் பார்ப்பதில்லை.

வேகமான மின்சார கார் வாங்கியவர்கள் பல நாடுகளில் பல வருஷமாகச் சொல்லும் புகார் இது. டெஸ்லா மாடல் எஸ் இதற்குப் பேர் போனது. இப்போது நம்ம ஊர் சாலையிலும் இந்த ரகக் கார்கள் வந்துவிட்டன. கியா இவி6-இன் நாலு சக்கர டிரைவ் மாடலுக்கு 605 நியூட்டன் மீட்டர் டார்க். பிஒய்டி சீல் பெர்ஃபார்மன்ஸுக்கு 670. இரண்டுமே 2 டன்னைத் தாண்டும். மஹிந்திரா பிஇ 6-இல் 380 தான், ஆனால் அத்தனையும் பின் சக்கரத்துக்கு மட்டும். பெடலை விட்டதும் மோட்டாரே பிரேக் போடுவதால், தள்ளுவதும் அதே டயர், வேகத்தைக் குறைப்பதும் அதே டயர்.

இதைக் காட்டித்தான் ஒரு ரெடிமேட் பதில் சொல்லப்படுகிறது: "இ.வி. வெயிட்டுங்க, டயரைத் தின்னத்தான் செய்யும்." பாதி உண்மை. எடையும் டார்க்கும் டயரைச் சீக்கிரம் தேய்க்கும், சரி. ஆனால் அது முழு அகலத்துக்கும் அல்லவா தேய வேண்டும்? உள்ஓரம் மட்டும் மொட்டையாகிறது என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது சக்கரத்தின் கோணத்தை. எடை அந்தத் தப்பை வேகப்படுத்துகிறது, அவ்வளவுதான்.

கோணம் இரண்டு. ஒன்று கேம்பர். காரின் பின்னால் நின்று பார்த்தால், சக்கரத்தின் மேல்பகுதி லேசாக உள்ளே சாய்ந்திருக்கும். இது குறை இல்லை, வேண்டுமென்றே வைப்பது. ஏற்காடு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் கார் ஒருபக்கம் சாயும்போது, இந்தச் சாய்வுதான் வெளிப்பக்க டயரைத் தரையில் தட்டையாகப் படிய வைக்கிறது. சிக்கல் என்னவென்றால், நாம் ஏற்காட்டுக்கு வருஷத்தில் இரண்டு தடவை போகிறோம். மற்ற நாளெல்லாம் சேலம், நாமக்கல், கரூர் என்று நேர்கோட்டில் ஓடுகிறோம். அப்போது பாரம் உள்ஓரத்தில் கொஞ்சம் கூடுதலாக அழுந்துகிறது. ஆனாலும் கேம்பர் மட்டும் இருந்தால் தேய்மானம் மெதுவாகத்தான் இருக்கும்.

உண்மையான திருடன் இரண்டாவது கோணம், டோ. மேலிருந்து பார்த்தால் சக்கரம் நேராக நிற்கிறதா, உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கிறதா என்பது. கார் நேராகப் போக, சக்கரம் வேறு பக்கம் பார்த்தால், டயர் உருள்வதோடு கொஞ்சம் உரசவும் செய்யும். 0.1 டிகிரி பிசகினால் கணக்குப்படி ஒரு கிலோமீட்டருக்கு சுமார் 1.75 மீட்டர் பக்கவாட்டு உரசல். 30,000 கி.மீ. ஓடினால் சுமார் 52 கி.மீ. ஏறக்குறைய சேலத்திலிருந்து நாமக்கல் வரை 2 டன் காரின் டயரைக் குறுக்கே இழுத்துக்கொண்டு போன மாதிரி! கேம்பரால் உள்ஓரம் ஏற்கெனவே அழுந்தியிருப்பதால், உரசலும் அங்கேதான் விழுகிறது.

லாரிக்கும் பாடி கட்டுவதற்கும் பேர் போன நாமக்கல்லில் டயர் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. பட்டன் மேல் உள்ளங்கையைக் குறுக்கே தடவிப் பார்ப்பார்கள். ஒரு பக்கம் தடவினால் வழுவழு, எதிர்ப்பக்கம் தடவினால் ரம்பம் மாதிரி நெருடினால், டோ தப்பு. மெஷின் தேவையில்லை. ஆனால் இந்த அனுபவத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது. லாரியின் பின் அச்சு ஒரே கட்டை. பழைய அம்பாசிடரும் அப்படித்தான். பின்னால் திருகுவதற்கு எதுவுமே கிடையாது. அதனால் அலைன்மென்ட் என்றாலே முன் சக்கரம் என்று கைக்குப் பழகிவிட்டது. மல்டி லிங்க் சஸ்பென்ஷன் உள்ள புதுக் கார்களில் பின் சக்கரம் ஒவ்வொன்றும் தனித்தனியாக நிற்கிறது. பல கைகள், புஷ்கள். ஒரு வேகத்தடையில் தூக்கி அடித்தால் போதும், கோணம் நகரலாம்.

பெரிய கடைகளும் இந்தப் பழக்கத்திலிருந்து விடுபடவில்லை என்பதுதான் என் வருத்தம். நாலு சக்கரத்திலும் பலகை மாட்டி, திரையில் பச்சை சிவப்பு எல்லாம் காட்டி, கடைசியில் முன் டோவை மட்டும் திருகி அனுப்பிவிடுகிறார்கள். பின் கோணம் இடது வலது சமமாக இல்லாவிட்டால் கார் நண்டு மாதிரி லேசாகக் கோணலாகப் போகும். முன்பக்கத்தை அதற்கு ஏற்ற மாதிரி திருகினால் ஸ்டீயரிங் நேராகிவிடும், வாடிக்கையாளரும் திருப்தியாகிவிடுவார். டயர் மட்டும் தேய்ந்துகொண்டே இருக்கும்.

அப்புறம் வாரன்டி கேட்டால் பந்து இங்கும் அங்கும் போகும். டயர் வாரன்டி பொதுவாக உற்பத்திக் குறைக்குத்தான். அலைன்மென்ட் தேய்மானத்துக்கு இல்லை. கார் விற்றவரோ டயர் கம்பெனியைக் கேளுங்கள் என்பார். 19 அங்குல டயர் ஒரு ஜோடி மாற்றுகிற காசுக்கு ஒரு நல்ல போனே வாங்கலாம். கார் டெலிவரி கொடுக்கும்போதே நாலு சக்கரக் கோண அளவையும் அச்சிட்டுக் கையில் கொடுத்தால் இந்தப் பந்தாட்டம் பாதி குறையும். இத்தனை லட்சம் வாங்குகிறவர்கள் ஒரு தாள் கொடுக்கக் கூடாதா?

அதுவரை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். போனை வீடியோவில் வைத்து பின் டயருக்கு உள்பக்கம் நீட்டுங்கள், அரை நிமிஷ வேலை. புது டயரில் பட்டன் ஆழம் சுமார் 8 மி.மீ. சட்டப்படி குறைந்தது 1.6 மி.மீ. இருக்க வேண்டும். ஆழத்தை நடுவில் மட்டும் அளக்காமல் உள்ஓரத்திலும் அளக்கச் சொல்லுங்கள். உள்ஓரம் மழித்த டயர் மழையில் தண்ணீரை வெளியே தள்ளாது. கம்பி தெரிகிற டயரில் நெடுஞ்சாலை வேகத்தில் போவதை நினைக்கவே வேண்டாம். டயரை முன்பின் மாற்றிப் போடுவதற்கு டெஸ்லா சொல்லும் கணக்கு 10,000 கி.மீ., அல்லது பட்டன் ஆழத்தில் 1.5 மி.மீ. வித்தியாசம். மற்ற கார்களுக்கு அந்தந்தக் கையேடு. முன்னும் பின்னும் வேறு வேறு சைஸ் உள்ள கார்களில் இந்த வழியும் இல்லை.

அலைன்மென்ட் கடையில் வேலைக்கு முன் அளவு, பின் அளவு என இரண்டையும் அச்சிட்டு வாங்குங்கள். அதில் பின் டோ, பின் கேம்பர் வரிகள் சிவப்பில் இருந்தால் பணம் கொடுக்க அவசரப்பட வேண்டாம். டோ திருகினால் சரியாகும். கேம்பரைத் திருக எல்லா காரிலும் வழி இருக்காது. மாடல் எஸ் காரர்கள் அதற்காகத் தனியாகக் கை வாங்கி மாட்டுகிறார்கள். ட்விஸ்ட் பீம் உள்ள சின்ன கார் என்றால் பின்னால் திருகவே ஒன்றுமில்லை. அளவு தப்பினால் அச்சு வளைந்திருக்கிறதா, பேரிங் தேய்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இன்னொன்று. இன்ஜின் சத்தம் இல்லாத காரில் ரம்பம் மாதிரி தேய்ந்த டயர் ஊளையிடுவது நன்றாகவே கேட்கும். பேரிங் போச்சு என்று மாற்றச் சொல்வார்கள், அவசரப்படாதீர்கள். கோணத்தைச் சரிசெய்த பிறகும் அந்த ஊளை உடனே போகாது. போன ரப்பர் திரும்பி வராது.