வளர்ந்து விட்டால் விளையாடக் கூடாதா?

ஆண்டுமலர் என்றாலே சிக்கனம், நேரந்தவறாமை, தாய்மொழிப்பற்று என்று எழுதுவது எங்கள் வழக்கம். இவ்வாண்டு எங்கள் விளையாட்டு மைதானத்தைப் பற்றி எழுதத் துணிந்தோம். மாலை மணி அடித்ததும் அங்கே ஆறாம் வகுப்புத் தங்கையரைக் காணலாம். ஏழாம் வகுப்பினரையும் காணலாம். எட்டாம் வகுப்பில் பாதிப்பேர் வருவார்கள். பத்தாம் வகுப்பை மட்டும் தேடித்தான் பார்க்க வேண்டும். நாங்கள் வேப்பமரத்தடியில் கணக்கு நோட்டும் கையுமாக அமர்ந்திருப்போம். பாரதியார் பாப்பாவை விளையாடச் சொல்லிவிட்டுப் போனார். பாப்பா பத்தாம் வகுப்புக்கு வந்தபின் என்ன செய்வது என்று அவரிடம் யாரும் கேட்டு வைக்கவில்லை போலும்!

"இவ்வளவு வளர்ந்து விட்டாய், இன்னும் என்ன ஆட்டம்?" இக்கேள்வியைக் கேளாத பெண் தஞ்சைச் சீமையில் ஒருத்தியும் இருக்க மாட்டாள். வளர்ந்து விட்டாய் என்றால் வயது வந்துவிட்டது என்று ஒரு பொருள். உயரம் கூடிவிட்டது என்று இன்னொரு பொருளும் உண்டு. இரண்டுமே பெண்ணுக்குக் குற்றமாகி விடுகின்றன. எங்கள் வகுப்பிலும் உயரமான தோழி ஒருத்தி இருக்கிறாள். அவளுக்குத் 'தென்னைமரம்' என்று பெயர் சூட்டியவர்கள் வேறு யாருமல்லர், நாங்களேதாம். அவள் தோளைக் குறுக்கிக் கூனி நடக்கிறாள். புகைப்படம் எடுக்கும் நாளில் கடைசி வரிசையில் முழங்காலை மடித்து நிற்கிறாள். இவளுக்கேற்ற மாப்பிள்ளையை எங்கே தேடுவது என்று அவள் வீட்டில் இப்போதே கவலை.

நம் கோடியக்கரையிலிருந்து கடலைத் தாண்டினால் சுமார் 50 கிலோமீட்டரில் யாழ்ப்பாணக் கரை. 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் பயணிகள் கப்பலே விட்டார்கள். அந்த யாழ்ப்பாணத்தில், புன்னாலைக்கட்டுவன் என்னும் ஊரில் 1979-இல் பிறந்தவர் தர்ஜினி சிவலிங்கம். அவருடைய உயரம் 208 சென்டிமீட்டர். நம் கணக்கில் ஆறடி பத்தங்குலம்! எங்கள் தோழியே அவர் அருகில் நின்றால் சிறுபிள்ளையாகத் தெரிவாள். அவர் வளர்ந்த ஆண்டுகள் போரின் ஆண்டுகள். அத்தகைய காலத்தில், அத்தகைய மண்ணிலிருந்து புறப்பட்ட ஒரு தமிழ்ப்பெண் இலங்கையின் தேசிய நெட்பால் அணியில் சேர்ந்து, ஆசியாவே அண்ணாந்து பார்க்கும் வீராங்கனை ஆனார்.

நெட்பாலை இலங்கைத் தமிழர் வலைப்பந்தாட்டம் என்பர். அந்தப் பெயரைச் சொன்னால் நம்மூரில் பாதிப்பேர் டென்னிஸ் என்றும் மீதிப்பேர் வாலிபால் என்றும் எண்ணிக் கொள்கிறார்கள். அதுவன்று. இது கூடைப்பந்தின் தங்கை. 1891-இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் நைஸ்மித் கூடைப்பந்தைத் தோற்றுவித்தார். சில ஆண்டுகளுக்குள் அது இங்கிலாந்துப் பெண்கள் கைக்குப் போய் வேறு வடிவம் கொண்டது. 1901-இல் அதற்குத் தனி விதிகள் அச்சாயின. அக்காலத்து நீண்ட பாவாடையோடு பந்தைத் தட்டிக்கொண்டு ஓட முடியாது, அதனால்தான் பந்தைத் தட்டும் முறையையே விட்டுவிட்டார்கள் என்பர். இவ்விடத்தில் பெற்றோர் சற்று நிற்க வேண்டும். உடையைக் காரணம் காட்டி ஆட்டத்தை அவர்கள் நிறுத்தவில்லை. ஆட்டத்தையே உடைக்கேற்ப மாற்றிக் கொண்டார்கள்!

அணிக்கு ஏழு பேர். பத்தடி உயரக் கம்பத்தில் ஒரு வளையம் இருக்கும். பின்னால் பலகை கிடையாது. பந்து கைக்கு வந்தால் மூன்று விநாடிக்குள் எறிந்துவிட வேண்டும். பந்தோடு ஓடக்கூடாது. கோல் போடும் உரிமை இருவருக்கு மட்டுமே. தடுக்க வருபவரும் மூன்றடி தள்ளித்தான் நிற்க வேண்டும். தர்ஜினி வளையத்தடியில் நின்று கையை உயர்த்தினால், மற்ற நாட்டுப் பெண்கள் எவ்வளவு எம்பியும் பந்தைத் தொட இயன்றதில்லை. எந்த உயரத்தைக் கண்டு நாம் சிரிக்கிறோமோ, அந்த உயரத்தை நம்பித்தான் அவருடைய அணி வியூகம் வகுத்தது.

இலங்கை இவ்வாட்டத்துக்குப் புதிதன்று. பல நாட்டுப் பிரதிநிதிகள் கூடி உலகுக்குப் பொதுவான விதிகளை வகுக்க முனைந்தது 1960-இல், இலங்கையில்தான். 1963-இல் இங்கிலாந்தின் ஈஸ்ட்போர்ன் நகரில் நடந்த முதல் உலகப் போட்டியிலும் அந்நாடு கலந்து கொண்டது. ஆசியப் பட்டத்தை 1989, 1997, 2001, 2009, 2018, 2022 என ஆறு முறை வென்றது. இவற்றுள் கடைசி மூன்றிலும் தர்ஜினி ஆடினார். 2009 போர் முடிந்த ஆண்டு என்பதையும் நாம் மறந்துவிடக் கூடாது. சிங்களப் பெண்களும் தமிழ்ப் பெண்ணும் ஒரே சட்டை அணிந்து வென்ற கோப்பை அது. 2018-இல் சிங்கப்பூரை இறுதிப் போட்டியில் 69–50 என்று வீழ்த்தியபோது தர்ஜினிக்கு வயது 39. நம் ஊரில் அவ்வயதுப் பெண் பேருந்தைப் பிடிக்க ஓடினாலே திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்கள். 2022-இல் மீண்டும் வென்றபோது அவருக்கு 43.

புகழை மட்டும் எழுதிவிட்டுப் போவது நேர்மையாகாது. ஆசியாவில் முதலிடம் பெற்ற அதே அணி, 2019-இல் லிவர்பூலில் நடந்த உலகக் கோப்பையில் 16 நாடுகளில் 15-ஆம் இடம்தான் பெற்றது. அப்போட்டியில் மற்றெல்லாரையும்விட அதிகக் கோல் போட்டவர் தர்ஜினி என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் செய்தி முழுமை பெறும். உலகிலேயே அதிகக் கோல் போட்டவரை வைத்துக்கொண்டு கடைசிக்கு முந்திய இடம்! இது எப்படி? பந்தைத் தடுப்பவர் வேண்டும், பறிப்பவர் வேண்டும், நடுவில் ஓடுபவர் வேண்டும், உயரே நிற்பவள் கைக்குக் குறி தவறாமல் கொண்டு சேர்ப்பவர் வேண்டும். ஒருத்தியின் உயரம் ஏழு பேரின் பயிற்சிக்கு ஈடாகாது. அதே ஆண்டில் முதன்முறையாக உலகக் கோப்பைக்கு வந்த ஜிம்பாப்வே எட்டாம் இடத்துக்கு ஏறியது. ஆகவே, உயரமான பெண்களை மட்டும் மைதானத்துக்கு அழையுங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. குட்டையானவர்களும் வர வேண்டும். நாங்கள் எல்லோருமே வர வேண்டும்.

நம் நாட்டின் நிலையைச் சொல்லவும் சற்றுக் கூச்சமாக இருக்கிறது. 2010-இல் டில்லியில் காமன்வெல்த் விளையாட்டு நடந்தது. போட்டியை நடத்திய நாடு என்ற முறையில் நாமும் நெட்பால் ஆடினோம். பதக்கத்தின் அருகில்கூடப் போகவில்லை. அங்கே நியூஸிலாந்தும் ஆஸ்திரேலியாவும் மோதிய இறுதி ஆட்டம் முடிவு காணாமல் நீண்டு நீண்டு போய், 66–64 என்று நியூஸிலாந்துக்குத் தங்கம் கிடைத்தது. நம் மண்ணில் நடந்த அந்த அருமையான ஆட்டத்தை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? 2024-இல் ஆசியப் போட்டி பெங்களூரில் நடந்தது. சிங்கப்பூர் இலங்கையை வென்று பட்டம் பெற்றது. காவிரித் தண்ணீர் குடிக்கும் ஊர்தான் அதுவும். குறுவைக்குத் தண்ணீர் வருமா வராதா என்று அந்தத் திசையையே பார்க்கும் நம் காதில் இச்செய்தி விழவேயில்லை.

நூறு கோடிக்கு மேல் மக்கள் உள்ள நாட்டில் உயரமான பெண்கள் இல்லையா? வேகமான பெண்கள் இல்லையா? நடவு வயலில் நாள் முழுதும் குனிந்து நிமிரும் தாய்மார்களின் மக்கள் நாங்கள். உடலுறுதிக்கு எங்களிடம் குறைவில்லை. பதினான்கு வயதில் மைதானத்தை விட்டு எங்களை வெளியேற்றி விடுகிறார்கள் என்பதே குறை. விளையாட்டுப் பாடவேளை கால அட்டவணையில் இருக்கிறது. ஆனால் தேர்வு நெருங்கினால் முதலில் பறிபோவது அதுவே. கணக்கு ஆசிரியை வருகிறார், அறிவியல் ஆசிரியை வருகிறார். அவர்களது அக்கறையை நாங்கள் குறைகூறவில்லை. மதிப்பெண் எங்களுக்கும் வேண்டும். இருந்தும் வாரத்தில் அந்த இரண்டு பாடவேளைகளை எங்களுக்கே விட்டுத்தந்தால் மதிப்பெண் குறையும் என்று எங்களால் நம்ப முடியவில்லை. மதர் அவர்களும் ஆசிரியைகளும் இதனைக் கருணையோடு எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம். பெற்றோரிடம் கேட்பதும் பெரிதன்று. மாலையில் ஒரு மணி நேரம் தாமதமாக வீடு வந்தால் வாசலில் நின்று வைய வேண்டாம்.

செலவும் அதிகமில்லை. இரண்டு கம்பம், இரண்டு வளையம், ஒரு பந்து. பலகைகூட வேண்டியதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் எங்கள் மைதானம் வயலைப்போலத் தண்ணீர் கட்டி நிற்கும். அப்போது ஒன்றும் செய்வதற்கில்லை. பொங்கலுக்குப் பின் தரை காய்ந்ததும் கோடு போட்டுத் தருவதாக உடற்கல்வி ஆசிரியை சொல்லியிருக்கிறார். ஆறு பேர் பெயர் கொடுத்துவிட்டோம். ஏழாவதாக எங்கள் உயரமான தோழியிடம் கேட்டோம், தென்னைமரம் என்று அழைத்ததற்கு மன்னிப்பும் கேட்டுக்கொண்டு. அம்மாவிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றாள்.