12-0-12 என்றால் 12 இல்லை!



சாக்கோட்டையிலிருந்து காரைக்குடிக்கு பஸ் ஏறிப் போய் பாகம் பாகமாக வாங்கி வந்து ஆம்ப்ளிபையர் செய்கிற ஆசாமிகள் நம்ம செட்டிலேயே நாலைந்து பேர் இருக்கிறார்கள். எந்த ஐ.சி., எத்தனை இன்ச் ஊஃபர் என்று மணிக்கணக்காகச் சண்டை நடக்கும். டிரான்ஸ்பார்மர், கெப்பாசிட்டர் பேச்சு வந்தால் மட்டும் "கடைக்காரர் குடுத்தது" என்று முடிந்துவிடும். என்னைக் கேட்டால் ஊஃபரில் கஞ்சத்தனம் பண்ணுங்க, இந்த ரெண்டில் பண்ணாதீங்க. தப்பான ஊஃபர் இரைச்சல்தான் போடும்.

கொஞ்சம் கணக்கு. 12-0-12 டிரான்ஸ்பார்மரில் வரும் 12, ஏசி. டையோடு தாண்டி கெப்பாசிட்டரில் நிற்பது அதன் உச்சம், அதாவது 1.414 மடங்கு, சுமார் 17 வோல்ட். பாட்டு ஓடாதபோது சின்ன டிரான்ஸ்பார்மர்கள் பத்து, பதினைந்து சதவீதம் கூடுதலாகவே தரும். நடுராத்திரி லைன் 250க்கு ஏறினால் இன்னும் கூடும். ஆக மொத்தம் 20 வோல்ட்டைத் தொடும். அங்கே 16 வோல்ட் கெப்பாசிட்டரைப் போட்டால் தலையில் உள்ள கீறல் பிளந்து புகை வரும். 25 போதும், 35 இருந்தால் நிம்மதி. டிடிஏ2030 ஐ.சி.க்கு உச்ச வரம்பே கூட்டல் கழித்தல் 18 வோல்ட்தான்! 12-0-12 தான் வேணும்னா 22 வரை தாங்கும் 2030ஏ வாங்குங்க, இல்லாட்டி 9-0-9.

85 டிகிரி, 105 டிகிரி என்று ரெண்டு வகை கெப்பாசிட்டர் உண்டு. பத்து டிகிரி சூடு குறைந்தால் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பு. நம்ம ஊர் சித்திரை வெயிலுக்கு எது என்று நான் சொல்லணுமா? :-) பழைய போர்டிலிருந்து பிடுங்கியதும் வேண்டாம். உள்ளே காப்பாக இருப்பது அலுமினிய ஆக்ஸைடின் மெல்லிய படலம், அதைத் தாங்குவது ஒரு திரவம். (முழுக்க மின்வேதியியல் சமாச்சாரம். 1953ல் திறந்த சிக்ரி நம்ம பக்கத்திலேயே இருக்கு!) 2000களின் தொடக்கத்தில் உலகம் முழுக்க கம்ப்யூட்டர் மதர்போர்டுகள் வீங்கிச் செத்ததற்குக் காரணம் அந்தத் திரவம் சரியில்லாத கெப்பாசிட்டர்கள்தான்.

"230க்கு 400 வோல்ட் தாராளம்" என்று சாதா பாலியெஸ்டர் கெப்பாசிட்டரை மெயின்ஸ் குறுக்கே போடுகிறவர்களும் உண்டு. 230ன் உச்சமே 325. மேலே துள்ளும் ஸ்பைக் தனி. அந்த இடத்துக்கென்றே எக்ஸ்2, 275 வோல்ட் ஏசி என்று அச்சடித்து விற்கிறார்கள், அதை வாங்குங்க.

இப்போ உயிர் விஷயம். 230 வோல்ட்டுக்கும் இயர்போன் மாட்டும் உங்க காதுக்கும் நடுவில் இருப்பது டிரான்ஸ்பார்மரின் இன்சுலேஷன் மட்டும்தான். பிரைமரியும் செகண்டரியும் பாபினில் தனித்தனி அறையில் சுற்றியிருக்கான்னு பாருங்க. மல்டிமீட்டர் வைத்து "ஓப்பன், ஓகே" என்பது சோதனையே இல்லை, அது தருவது சில வோல்ட். காலேஜ் மெஷின்ஸ் லேபில் 500 வோல்ட் மெக்கர் சும்மா தூங்குது. லேப் அண்ணனைக் கேட்டு பிரைமரிக்கும் செகண்டரிக்கும், பிரைமரிக்கும் கோருக்கும் பாருங்க. நூறு மெகா ஓமுக்கு மேல் காட்டணும். ஒற்றை இலக்கம் என்றால் திருப்பிக் கொடுங்க. தகரப் பெட்டி என்றால் எர்த் கட்டாயம். 3 ஆம்பியர் டிரான்ஸ்பார்மருக்கு பிரைமரியில் அரை ஆம்பியர் ஸ்லோ ப்ளோ பியூஸ் போதும்.

முதல் தடவை ஆன் பண்ணும்போது 60 வாட் குண்டு பல்பு ஒன்றை சீரியலில் போடுங்க. மின்னி மங்கினால் சரி. விடாமல் பளிச்சென்று எரிந்தால் பிளக்கைப் பிடுங்கிட்டு டையோடையும் கெப்பாசிட்டர் திசையையும் பாருங்க.