கொலு மட்டும் போதுமா?

நவராத்திரி வந்தாச்சு. நம்ம சங்கத்திலும் கொலு, சுண்டல், பட்டுப்புடவை எல்லாம் ரெடி. நல்லதுதான். ஆனா ஒண்ணு குறையுது.

எங்க ஊர் திருவனந்தபுரம் ஆரியசாலை. பத்மநாபபுரத்துலேர்ந்து சரஸ்வதி, வேளிமலையிலேர்ந்து குமாரசுவாமி, சுசீந்திரத்துலேர்ந்து முன்னுதித்த நங்கை, மூணு பேரும் நவராத்திரிக்கு ஊர்வலமா வருவாங்க. குமாரசுவாமி தங்குறது எங்க ஆரியசாலை அம்மன் கோயில்ல. 1956-ல் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோட சேர்ந்தது. ஊர்வலம் நிக்கலை. நடுவுல எல்லை விழுந்தும் ரெண்டு மாநிலமும் சேர்ந்தே நடத்துறாங்க, களியக்காவிளையில் வரவேற்போட!

இது நம்ம பிள்ளைங்களுக்குத் தெரியுமா? சாலைக் கடைத்தெருவுக்குத் தமிழ் வியாபாரிங்க வந்த கதை பெரியவங்க நினைவிலும் பழைய பேரேட்டிலும்தான் இருக்கு. பேரேடு எடைக்குப் போகுது. பெரியவங்களும் ஒவ்வொருத்தரா போயிட்டிருக்காங்க. பாங்க்காரன் சொல்றேன்: பதியாத வரவு கணக்குல வராது. பதியாத வரலாறும் அப்படித்தான்.

ஒன்பது நாள்ல ஒரு மாலையை இதுக்கு ஒதுக்குங்க. ஊர்லேர்ந்து வந்திருக்கற தாத்தா பாட்டியைப் பேச வைங்க. பிள்ளைங்க கேள்வி கேட்டு செல்போன்ல பதிவு பண்ணட்டும். சுண்டல் செலவுகூட ஆகாது.