ஸைக்கிள் விளக்கு

ஸைக்கிள் வாங்கப் போகிறவர்கள் மணியை அடித்துப் பார்ப்பார்கள். பிரேக்கை அமுக்கிப் பார்ப்பார்கள். ஆசனத்தைத் தட்டிப் பார்ப்பார்கள். விளக்கு எங்கே என்று கேட்பவர் அபூர்வம். எங்கள் பள்ளிக்கூடக் கொட்டகையில் நிற்கும் ஸைக்கிள்களில், 11-ம் வகுப்பில் சர்க்கார் இலவசமாக அளித்தவை பல. விளக்குள்ளவற்றை எண்ணக் கைவிரல்களே போதும். இப்பிள்ளைகளில் பலர் மாலையில் ட்யூஷனுக்குப் போய்விட்டு, இரவு 8 மணிக்கு மேல் இருட்டுச் சாலையில் வீடு திரும்புகிறார்கள்.

நம் பாட்டனார் காலத்தில் விளக்கில்லாமல் சென்றால் போலீஸ்காரர் வழிமறிப்பார். அந்தப் பயத்தினாலேயே ஒரு மண்ணெண்ணெய் விளக்காவது முன்னால் மினுக்கிக் கொண்டிருந்தது. இப்போது அந்தப் பயம் போய்விட்டது, லாரிகளோ பெருகிவிட்டன.

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் லாரி, விநாடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர் ஓடுகிறது. டிரைவர் முன்னால் ஒருவன் போவதைக் கண்டு, காலைப் பிரேக்கில் வைப்பதற்கு ஒன்றரை விநாடி என்று கொள்வோம். அதற்குள்ளேயே 25 மீட்டர் கடந்துவிடும். வண்டி நிற்பதற்கு வேண்டிய தூரம் அதற்கு மேல். கறுப்புக் கால்சட்டையுடன் விளக்கின்றிப் போகும் பையன் அவ்வளவு தூரத்திலிருந்து டிரைவரின் கண்ணில் படுவானா?

ஆகையால், ஒரே ஒரு விளக்குக்குத்தான் பணம் இருக்கிறதென்றால் அது பின்பக்கத்துச் சிவப்பு விளக்காகவே இருக்கட்டும் என்பது என் அபிப்பிராயம். எதிரே வரும் வண்டியை நாமே கண்டு ஒதுங்கிக் கொள்ளலாம். முதுகில் நமக்குக் கண் இல்லையே! சில நூறு ரூபாய்க்குள் நல்ல பின்விளக்குக் கிடைக்கிறது. அதுவும் இயலாதவர்கள், மட்கார்டில் உள்ள சிவப்புப் பிரதிபலிப்பானையாவது தினம் துடைத்து வைக்க வேண்டும். ஒன்றுக்கொன்று செங்குத்தான மூன்று முகங்கள் கொண்ட நுண்ணிய மூலைகள் அதனுள் நிறைந்திருக்கின்றன. அவை வந்த வெளிச்சத்தை வந்த திசைக்கே திருப்பி அனுப்பும். பாட்டரி வேண்டாம், மின்சாரம் வேண்டாம். சேறு படிந்தால் மட்டும் பயனில்லை. பெடலில் உள்ள மஞ்சள் பிரதிபலிப்பான்கள் இன்னும் விசேஷம். மேலும் கீழும் அசைவதால், போவது ஸைக்கிள்தான் என்பதைத் தூரத்திலேயே தெரிவித்துவிடும்.

இனி முன்விளக்கு. கடைக்காரர் பெட்டியைக் காட்டி, "ஆயிரம் லூமென் ஸார்!" என்பார். லூமென் என்பது விளக்கு வெளியிடும் மொத்த ஒளி. அதில் பாதி மரக்கிளைக்கும் ஆகாயத்துக்கும் போனால் நமக்கென்ன லாபம்? மலிவு விளக்குகளின் பெட்டியில் எழுதிய எண்ணையும் அப்படியே நம்புவதற்கில்லை. ஒளி எங்கே விழுகிறது என்பதைக் கவனியுங்கள். டார்ச்சைக் கைப்பிடியில் ரப்பரால் கட்டிக்கொண்டு போகும் வழக்கம் எனக்குச் சிறிதும் பிடிக்காது. எதிரே வருகிறவரைக் குருடாக்கினால் அவர் நம் மீதே வந்து விழுவார். சுவருக்கு 5 மீட்டர் தூரத்தில் ஸைக்கிளை நிறுத்தி, ஒளியின் நடுப்பகுதி விளக்கின் உயரத்தில் பாதியளவில் விழும்படி சாய்த்து வையுங்கள். சாலையில் அது 10 மீட்டரில் தரையைத் தொடும்.

விட்டுவிட்டு மின்னும் விளக்கைப் பற்றித் தேசங்களுக்குள்ளேயே ஒற்றுமை இல்லை. பிரிட்டனில் 2005 முதல் அனுமதி உண்டு, ஜெர்மனியில் கூடாது. மின்னும் ஒளி கண்ணை இழுக்கும், ஆனால் அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று மதிப்பிடுவது கடினம். நிலையாக எரிவதே மேல் என்பேன்.

சக்திக்கு என்ன செய்வது? பழைய 6 வோல்ட், 3 வாட் டைனமோவை ஏளனம் செய்ய வேண்டாம். மழையில் உருளை வழுக்கும், மிதிப்பது சற்றுக் கனக்கும், நின்றால் அணையும். ஆயினும் சார்ஜ் செய்ய மறந்தோம் என்ற பேச்சே அதில் இல்லை. அதனுடன் இக்காலத்து எல்.இ.டி. விளக்கைப் பொருத்தினால் வெளிச்சம் பழைய பல்பைவிடப் பன்மடங்கு. செல்போன் கம்பியில் சார்ஜ் ஏற்றும் விளக்குகளில், உள்ளிருக்கும் பாட்டரி சில வருஷங்களில் தளர்ந்தால் பெரும்பாலும் விளக்கையே எறிய வேண்டியதுதான். கிராமத்துப் பிள்ளைக்கு, பெட்டிக்கடையில் வாங்கிப் போடக்கூடிய சாதாரண ஸெல்லில் எரியும் விளக்கே உத்தமம். வாங்குமுன் மூடியைத் திறந்து, மழைநீர் புகாதபடி ரப்பர் வளையம் இருக்கிறதா என்று பாருங்கள்.