மலையை மூடாத நாடு

1967 ஈஸ்டர் விடுமுறையில் நார்வே மலைகளில் 18 பேர் இறந்தார்கள். அந்த நாட்டில் ஈஸ்டர் என்றால் குடும்பம் குடும்பமாகப் பனிச்சறுக்குக் கட்டைகளைத் தூக்கிக்கொண்டு மலைக்குப் போகும் நாட்கள். ஒரே விடுமுறையில் இத்தனை சாவு நேர்ந்தால் பாதையை மூடு, அனுமதிச் சீட்டு வை, குழந்தைகளுடன் வருபவர்களைத் திருப்பி அனுப்பு என்றுதான் நிர்வாகங்களுக்கு முதலில் தோன்றும். நார்வே இதில் எதையும் செய்யவில்லை. செஞ்சிலுவைச் சங்கமும் மலைநடைச் சங்கமும் சேர்ந்து மலைக்குப் போவோருக்கான சில விதிகளை நாடெங்கும் பரப்பின. 2016இல் திருத்தப்பட்டு இன்று அவை ஒன்பது. போகும் வழியை யாரிடமாவது சொல்லிவிட்டுப் போக வேண்டும், சிறு நடைக்கும் குளிருக்கான துணி எடுத்துக்கொள்ள வேண்டும், நேரத்தோடு திரும்ப வேண்டும், திரும்புவதில் வெட்கம் ஒன்றுமில்லை என்பவை அவற்றில் சில. மீறினால் அபராதம் கிடையாது. ஆனாலும் அங்கே பரவலாக அறியப்பட்ட விதிகள் இவை. குழந்தைகளோடு காட்டுநிலத்தில் நடப்பதைப் பெற்றோரின் துணிச்சல் என்று புகழ்கிறோம், அல்லது பொறுப்பின்மை என்று திட்டுகிறோம். இரண்டுமே குறி தவறியவை என்பது என் எண்ணம். அந்த நடையைச் சாத்தியமாக்குவது பொது ஏற்பாடு.

ஹார்டாங்கர்விடா மேட்டுநிலத்தை எடுத்துக்கொள்வோம். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரத்தில், மரமே இல்லாமல், ஏரியும் பாறையும் சதுப்புமாக விரிந்து கிடக்கும் நிலம். ஜூலையிலும் ஆங்காங்கே பனி கிடக்கும். பிற்பாடு தென்துருவத்தை முதலில் எட்டிய அமுண்ட்சென், 1896 குளிர்காலத்தில் இங்கேதான் வழிதவறிச் சாவின் விளிம்புவரை போனார். இதே நிலத்தில் இன்று கோடையில் பள்ளிப் பிள்ளைகள் முதுகுப்பையோடு நடக்கிறார்கள். நிலம் சாதுவாகிவிடவில்லை. 1868இல் தொடங்கிய மலைநடைச் சங்கம் பாறைகளில் சிவப்பு வண்ணத்தில் ‘டி’ எழுத்தை எழுதி வழி காட்டுகிறது. ஒரு நாள் நடைக்கு ஒன்று என்ற கணக்கில் குடில்களை வைத்திருக்கிறது. நாடு முழுக்க இத்தகைய குடில்கள் 550க்கு மேல். பலவற்றில் பணியாள் கிடையாது. உறுப்பினர் கையிலுள்ள பொதுச் சாவியால் கதவைத் திறந்து, அடுப்பு மூட்டி, சரக்கறையிலிருந்து மாவும் டப்பா உணவும் எடுத்துச் சமைத்து, எடுத்ததற்குத் தாமே கணக்கு எழுதிப் பணம் கட்ட வேண்டும். வாசலில் காவலர் இல்லாத அந்தச் சரக்கறையைத்தான் எந்தச் சிகரத்தையும்விடப் பெரிய சாதனை என்பேன். இதற்கெல்லாம் அடியில் 1957ஆம் ஆண்டின் திறந்தவெளிச் சட்டம் இருக்கிறது. பயிரிடாத நிலம் யாருக்குச் சொந்தமானாலும் அதில் எவரும் நடக்கலாம். குடியிருக்கும் வீட்டிலிருந்து 150 மீட்டர் தள்ளிக் கூடாரமும் அடிக்கலாம்.

பணக்கார நாட்டுக்கு இதெல்லாம் முடியும் என்று சிலர் சொல்லலாம். ஆண்டுகளைப் பார்த்தால் அது நிற்காது. சங்கம் தோன்றிய காலத்தில் நார்வே வறிய நாடு. பிழைப்புத் தேடி அமெரிக்காவுக்கு மக்கள் கப்பலேறிக்கொண்டிருந்தார்கள். சட்டம் வந்து பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்து, 1969இல்தான் வடகடலில் பெரிய எண்ணெய் வயல் கண்டுபிடிக்கப்பட்டது. மீட்பு ஹெலிகாப்டருக்கு எண்ணெய்ப் பணம் உதவியிருக்கும், மறுக்கவில்லை. பாறையில் வண்ணம் பூச அது தேவைப்படவில்லை. பிறக்கும்போதே பனியில் பழகியவர்களுக்கான ஏற்பாடு இது என்பதும் முழு உண்மை அல்ல. சட்டம் குடியுரிமை கேட்பதில்லை. 1980களில் வடகோடியிலுள்ள பின்மார்க்கின் மீன் பதனிடும் ஆலைகளில் வேலைக்குச் சேர்ந்த இலங்கைத் தமிழர்களுக்கும் அதே மலை, அதே உரிமை. பழக்கம் இல்லாத குறையைச் சட்டம் தீர்க்காது. அதற்குத்தான் மலைநடைச் சங்கம் சிறுவர்களுக்கென்றே தனிப் பிரிவு நடத்துகிறது.

மீட்புப் பணிக்குக் கட்டணம் இல்லாததால் மக்கள் அசட்டையாகிறார்கள் என்ற வாதத்தில் கொஞ்சம் பலம் உண்டு. சமூக ஊடகப் படத்துக்காகத் துரோல்துங்கா பாறை நாக்குக்கு மெல்லிய காலணியோடு கிளம்புபவர்களைத் தேடி, செஞ்சிலுவைத் தொண்டர்கள் தங்கள் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஆனால் கட்டணம் வைத்தால் என்ன நடக்கும்? பில்லுக்குப் பயந்த தகப்பன், குழந்தைக்குக் கால் பிசகியதும் அழைக்க மாட்டார். இருட்டிய பிறகு அழைப்பார். அப்போது தேடலும் கடினம், ஆபத்தும் கூடுதல். கூட்டம் பாதையைத் தேய்த்துவிடுகிறது என்பதும் மெய்தான். லோபோட்டன் தீவுக்கூட்டத்தின் ரைனேபிரிங்கன் மலையில் தடம் அரித்துக் கற்கள் உருளத் தொடங்கின. நேபாளத்திலிருந்து ஷெர்பாக்களை வரவழைத்துக் கற்படிகள் கட்டினார்கள். படி கட்டியதும் கூட்டம் குறைந்துவிடவில்லை. காட்டுநிலத்தில் படிக்கட்டா என்று முகம் சுளிக்கும் தூய்மைவாதிகளும் உண்டு. அரிப்பைவிடப் படி மேல் என்பேன்.

என் வாதத்தை உண்மையாகவே தடுமாற வைப்பது மனிதர் தொடர்பான எதுவும் அல்ல. ஐரோப்பாவில் காட்டு ரெயின்டியர் மான்கள் பெருங்கூட்டமாக எஞ்சியிருக்கும் இடங்களில் ஹார்டாங்கர்விடா ஒன்று. மனித வாடை பட்டாலே அவை விலகி ஓடும். கன்று ஈனும் பருவத்தில் அந்த ஓட்டம் கன்றின் உயிரைக் குடிக்கலாம். சாலையும் அணையும் விடுமுறை வீடுகளும் அவற்றின் வழிகளை ஏற்கெனவே துண்டாடிவிட்டன; நடைதடமும் தன் பங்குக்கு வெட்டுகிறது. மேய்ச்சலுக்கு அணைகளும் வீடுகளும் செய்த கேடு பெரிது, நடப்பவர்கள் மேல் மட்டும் பழிபோடுவது நியாயமில்லை என்பார்கள் மலைநடைக்காரர்கள். சரிதான். ஆனால் அணையை நாளைக்கே இடிக்க முடியாது, தடத்தை மாற்ற முடியும். தடத்தை வேறு சரிவுக்கு நகர்த்தலாம், ஈனும் பருவத்தில் சில குடில்களைப் பூட்டலாம். எல்லோரும் நடக்கலாம் என்ற உரிமை எங்கும் எப்போதும் நடக்கலாம் என்பதாக இருக்க வேண்டியதில்லை. 1967இல் மலையை மூடாதது சரி. மான் ஈனும் சரிவை மே மாதத்தில் மூடுவதும் சரி. தடத்தின் தொடக்கத்தில் அதற்கான காரணத்தைப் பத்து வயதுப் பிள்ளைக்கும் விளங்கும்படி எழுதி வைத்தால் போதும்.