கை தெரிகிறது, ஆள் தெரியவில்லை



இந்த மாதம் படக்கதைச் சிறப்பிதழ். அட்டையைப் பார்த்ததும் “இது பிள்ளைகளுக்குத்தானே” என்று ஓரமாக வைக்கப்போகிறவர்களுக்கு ஒரு சின்னப் பரீட்சை. நம் பாடாலூர் பேருந்து நிறுத்தத்தில் நிற்கிற, ஐம்பதைத் தாண்டிய யாரிடமாவது ‘இரும்புக்கை மாயாவி’ என்று சொல்லிப் பாருங்கள். திருச்சி வண்டி வந்து போனாலும் பேச்சு முடியாது.

1972-இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வெளியிட்ட முதல் புத்தகம் அது. மின்சாரம் பாய்ந்தால் மாயாவியின் உடல் மறைந்துவிடும். இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் தெரியும். அதைப் படித்துவிட்டு ஸ்விட்ச் போர்டைப் பார்க்கும்போதெல்லாம் விரல் துறுதுறுத்த ஒரு தலைமுறையே இங்கே உண்டு. சரி, அந்த மாயாவியை வரைந்தவர் யார்?

ஸ்பெயின் நாட்டு பார்சலோனாக்காரர். பெயர் ஹேசுஸ் பிளாஸ்கோ. 1962-இல் லண்டனிலிருந்து வந்த ‘வேலியண்ட்’ வார இதழில் அவர் கையால்தான் மாயாவி பிறந்தார். அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் படக்கதை இதழ்களில் ஓவியர் பெயரைப் போடும் வழக்கம் அநேகமாக இல்லை. அங்கேயே அச்சேறாத பெயர் சிவகாசி வழியாகப் பாடாலூருக்கு எப்படி வந்து சேரும்? கை மட்டும் தெரிந்து ஆள் மறைந்துபோவது மாயாவிக்கு மட்டுமல்ல, அவரை வரைந்தவருக்கும் நேர்ந்தது.

அப்படி மறைந்துபோகிற ஓவியர்களைப் பற்றித்தான் இந்த மாதம் உங்களோடு பேச வேண்டும்.

நம் இதழுக்குப் படக்கதை வரைகிற தம்பிக்கு, நெடுஞ்சாலையை ஒட்டிய கடை ஒன்றின் மாடியில் ஓர் அறை. பகலில் அது ஃபிளெக்ஸ் வடிவமைக்கிற இடம். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கட்சிக்காரர் பிறந்தநாள் என்று வேலைக்குக் குறைவில்லை. “தாய்மாமன் படத்த இன்னுங் கொஞ்சம் பெரிசாப் போடுப்பா” என்று போன் வந்துகொண்டே இருக்கும். சனிக்கிழமை பிள்ளைகளுக்கு ஓவிய வகுப்பு. வீட்டு வாடகையும் மளிகைச் செலவும் இவற்றிலிருந்துதான் வருகின்றன. இரவு கடைக்காரர் ஷட்டரை இறக்கிய பிறகு கணினியை அணைத்துவிட்டு, சாய்வு மேசையில் காகிதத்தை ஒட்டுவார். படக்கதைக்கு உட்காரும் நேரம் அதுதான்.

முதலில் உள்ளங்கை அகலத் துண்டுத்தாளில் பக்கம் முழுவதையும் கிறுக்கிப் பார்ப்பார். எந்தக் கட்டம் பெரிது, எது சின்னது, கண் எங்கிருந்து எங்கே போக வேண்டும் என்பதெல்லாம் அங்கேயே முடிவாகிவிடும். வலப்பக்கத்தின் கடைசிக் கட்டத்தில் ஒரு கதவு திறக்க வேண்டும், அல்லது யாராவது திரும்பிப் பார்க்க வேண்டும். அப்போதுதான் நீங்கள் பக்கத்தைப் புரட்டுவீர்கள். அடுத்து, அச்சாகும் அளவைவிடப் பெரிய தாளில் பென்சில் வேலை. அதிலும் ஆளை வரைவதற்கு முன்பே வசன பலூனுக்கு இடம் ஒதுக்கிவிடுவார். ஒதுக்காமல் விட்டால் பிறகு பேச்சு வந்து கதாநாயகனின் தலையில் உட்காரும். பென்சில் முடிந்ததும் நிப்பும் பிரஷும் இந்தியன் இங்க்கும். கோடு பிசகினால் வெள்ளை போஸ்டர் கலரால் ஒரு பூச்சு. மை நன்றாகக் காய்ந்த பிறகு பென்சில் தடத்தை ரப்பரால் எடுத்து, ஸ்கேன் செய்து, கணினியில் வண்ணம்.

இந்த இதழின் கதையில், சின்ன வெங்காயம் சேமித்துவைக்கிற பட்டறைக்குப் பின்னால் ஒரு சிறுவன் ஒளிந்துகொள்கிறான். நான் எழுதிக் கொடுத்தது ஒரே வரி. தம்பி அதற்காகச் செட்டிகுளம் பக்கம் போய், காட்டில் நின்ற பட்டறையைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்து வந்திருந்தார். வரைந்த பக்கத்தைக் காட்டும்போது கட்டத்தின் அடிப்பகுதியில் விரலை வைத்தார். தரைக்கும் பட்டறைக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி. அதன் வழியே சிறுவனின் கால் விரல்கள் தெரிகின்றன. “அடியில காத்துப் போக எடம் விட்டுத்தான் பட்டற போடுவாங்க அண்ணே. அத அடச்சு வரஞ்சா நம்மூர்க்காரங்க சிரிப்பாங்க. எடம் விட்டா கால் தெரியும், தேடி வர்றவன் கண்டுபுடிச்சிருவான்ல?” என்றார். கதையில் நான் யோசிக்காத ஒரு திருப்பம் அந்தச் சாண் இடைவெளியிலிருந்து வந்தது. அடுத்த பக்கத்தை அதற்கேற்ப மாற்றி எழுதினேன்.

வாரம் முழுக்க இரவில் உட்கார்ந்தால் ஒரு பக்கம் முடிகிறது. அதை நீங்கள் படித்து முடிக்க அரை நிமிடம் போதும். இது குறையே அல்ல. கண் எங்கும் இடறாமல் கட்டத்துக்குக் கட்டம் வழுக்கிக்கொண்டு ஓட வேண்டும் என்பதற்குத்தான் அத்தனை உழைப்பும். ‘இந்தக் கையை எவ்வளவு அழகாக வரைந்திருக்கிறார்’ என்று வாசகர் நடுவில் நின்றுவிட்டால் கதை அங்கே அறுந்துபோகும். வேலை எவ்வளவு நன்றாக அமைகிறதோ, வேலை செய்தவர் அவ்வளவுக்கு மறைந்துபோகிறார். இந்தத் தொழிலில் இருக்கிற சிக்கல் இதுதான்.

நம் தமிழ்நாட்டிலிருந்தே ஒருவரைச் சொல்கிறேன். ஒரு கையில் உருவிய வாள், தோளில் பிணம், பின்னால் மிதந்து வரும் வேதாளம். அம்புலிமாமா படித்த யாருக்கும் கண்ணை மூடினாலும் தெரிகிற படம். அதை வரைந்தவர் கே.சி. சிவசங்கரன். ‘சங்கர்’ என்றுதான் கையெழுத்திடுவார். இன்றைய திருப்பூர் மாவட்டத்துக் காரத்தொழுவில் 1924-இல் பிறந்தவர். மெரினா கடற்கரையின் உழைப்பாளர் சிலையை வடித்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி முதல்வராக இருந்த காலத்தில், சென்னை ஓவியப் பள்ளியில் பயின்றவர். கலைமகளில் வேலை பார்த்துவிட்டு 1952-இல், அம்புலிமாமாவை வெளியிட்ட நாகிரெட்டியின் சந்தமாமா நிறுவனத்துக்கு வந்தார். அதன் பிறகு ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் அங்கேயே.

அந்த நிறுவனத்தின் இதழ்கள் பல மொழிகளில் வெளிவந்தன. மொழி மாறினாலும் படம் ஒன்றுதான். ஒரே ராஜா, ஒரே முருங்கை மரம், ஒரே சுடுகாடு. கதையைத் தமிழில் படித்த பிள்ளையும் ஒடியாவில் படித்த பிள்ளையும் ஒரே விக்கிரமாதித்தனைப் பார்த்து வளர்ந்தார்கள். சங்கர் 2020 செப்டம்பரில் சென்னையில் காலமானார். பத்மஸ்ரீ விருது 2021-இல், அவர் மறைவுக்குப் பிறகு வந்தது. அன்று செய்தித்தாளில் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, “அட, இது இவர் வரைந்ததா!” என்றவர்கள் எத்தனையோ பேர்.

சுப்பாண்டி கதை இன்னும் நமக்குப் பக்கத்தில் நடந்தது. இங்கிருந்து முக்கால் மணிப் பயணத்தில் இருக்கிற திருச்சியிலிருந்து, பி. வரதராஜன் என்ற வாசகர் ‘டிங்கிள்’ இதழுக்கு அனுப்பிய கதைகள்தான் தொடக்கம். 1983-இல் அவை அச்சேறின. அந்த அசட்டு வேலைக்காரனுக்குக் கோணல் தலையும் திருதிரு முழியும் கொடுத்தவர் ராம் வாயிர்கர். நாட்டின் மூலை முடுக்கிலிருந்தெல்லாம் பிள்ளைகள் சுப்பாண்டிக்குக் கதை எழுதி அனுப்பத் தொடங்கினார்கள். 2003-இல் வாயிர்கர் மறைந்தார். சுப்பாண்டி மறையவில்லை. அவர் மகள் அர்ச்சனா ஆம்பேர்கர் அந்தத் தலையை அதே கோணத்தில் தொடர்ந்து வரைந்தார். படிக்கிற பிள்ளைகளுக்குக் கை மாறியதே தெரியவில்லை. அந்த மகளுக்கு இதைவிடப் பெரிய பாராட்டு இல்லை. ஆனால் அவர் பெயரை யாரும் தேடாமல் போனதற்கும் அதுவே காரணம்.

தினமும் வரைகிறவர்கள் பாடு தனி. தினத்தந்தியில் 1960-இல் தொடங்கிய கன்னித்தீவு இன்றும் ஓடுகிறது. ‘முடியாத சமாச்சாரம்’ என்று சொல்வதற்கே ஊரில் அந்தப் பெயரைத்தான் எடுக்கிறோம். ஆனால் அந்தக் கட்டங்களை முதலில் வரைந்த ஓவியர் கணுவின் பெயரைக் கேட்டால் டீக்கடையில் பதில் வராது. அமெரிக்காவில் சார்லஸ் ஷுல்ஸ் 1950 அக்டோபரிலிருந்து ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் ‘பீனட்ஸ்’ வரைந்தார். மொத்தம் 17,897 துணுக்குகள். உதவியாளர் வைத்து வரையவில்லை, எல்லாம் அவரே. கடைசித் துணுக்கு அச்சாகி வந்தது 2000 பிப்ரவரி 13. அதற்கு முந்தைய இரவு அவர் இறந்துபோனார். பண்டிகை, காய்ச்சல், கல்யாணம் எது வந்தாலும் நாளைய கட்டத்தை நேற்றே கொடுத்திருக்க வேண்டும் என்பதுதான் இந்த வேலையின் சட்டம்.

இப்படி அறைக்குள்ளேயே இருக்கிறவர் வெளியே வந்து உங்களைப் பார்க்கிற இடம் ஒன்று உண்டு. பிரான்சின் அங்குலேம் நகரில் 1974-இல் தொடங்கிய படக்கதைத் திருவிழாவில், வாசகர்கள் புத்தகத்தோடு வரிசையில் நிற்க, ஓவியர் அதன் முதல் பக்கத்தில் ஆளுக்கொரு படம் வரைந்து கையெழுத்திட்டுக் கொடுப்பார். இந்தியாவில் காமிக் கான் என்ற படக்கதை விழா 2011-இல் டெல்லியில் ஆரம்பித்து, 2024 பிப்ரவரியில் சென்னை நந்தம்பாக்கத்துக்கு வந்தது. பிடித்த கதாபாத்திரம் போல வேடமிட்டு இளைஞர்கள் சுற்றுவதைத்தான் தொலைக்காட்சிகள் காட்டின. ஆனால் உள்ளே, ஒரு மேசை அகலத்தில் கடை போட்டு ஓவியர்களும் உட்கார்ந்திருந்தார்கள். அதற்கு முன்பே ஈரோடு புத்தகத் திருவிழாவில் லயன் – முத்து காமிக்ஸ் வாசகர்கள் கூடிப் பேசுவது வழக்கமாகிவிட்டது. எழுபது வயதுக்காரரும் பள்ளிக்கூடப் பையனும் டெக்ஸ் வில்லர் என்ற படக்கதை நாயகனுக்காக ஒரே குரலில் சண்டை போடுகிற கூட்டம் அது.

மேசை போடுவதும் சும்மா இல்லை. மேசைக்கு வாடகை, பேருந்துக் கட்டணம், தங்கும் செலவு எல்லாம் கையிலிருந்து போகும். புத்தகத்தைவிட ஸ்டிக்கரும் ஒற்றைப் படங்களும்தான் பெரும்பாலும் விற்கும். “என் பொண்ண இப்படி வரஞ்சு குடுப்பீங்களா?” என்று கேட்டு வருகிறவர்களால் கொஞ்சம் வருமானம் சேரும். பிறகு ஏன் போகிறார்கள்? தம்பியிடம் கேட்டேன். “நம்ம பக்கத்த ஒருத்தர் படிக்கிறத எதிர்ல ஒக்காந்து பாக்கலாம் அண்ணே. எங்க சிரிக்கிறாங்க, எங்க திருப்பிப் பழைய பக்கத்துக்குப் போறாங்கன்னு தெரியும். ரூம்ல அது தெரியாது” என்றார்.

எல்லாரும் நந்தம்பாக்கம் போக முடியாது. வீட்டிலிருந்தே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. படக்கதையை இரண்டு தடவை படியுங்கள். முதல் தடவை கதைக்காக, வழக்கம்போல ஓட்டமாக. இரண்டாவது தடவை வசனத்தைப் படிக்காமல், கட்டத்தை மட்டும் பாருங்கள். ஆள் எந்தப் பக்கம் நிற்கிறான், வெளிச்சம் எங்கிருந்து வருகிறது, பேசாமல் இருப்பவரின் கை என்ன செய்துகொண்டிருக்கிறது? மறைந்திருந்த ஆள் அப்போது தெரிவார்.

நம் பங்குக்கும் ஒன்று செய்கிறோம். லண்டனில் 1977-இல் ‘2000 ஏ.டி.’ என்ற படக்கதை வார இதழ் தொடங்கியது. அங்கே கலைப் பிரிவில் இருந்த இளைஞர் கெவின் ஓ’நீல், மேலிடத்தில் அனுமதி கேட்காமலேயே, கதை எழுதியவர், படம் வரைந்தவர், எழுத்து அமைத்தவர் பெயர்களை ஒரு சின்னப் பெட்டியில் போட்டுக் கதையோடு அச்சுக்கு அனுப்பினார். அதன் பிறகு அதை எடுக்க யாராலும் முடியவில்லை. நம் இதழில் அனுமதி கேட்க வேண்டிய மேலிடம் நீங்கள்தான். மறுக்க மாட்டீர்கள் என்ற தைரியத்தில், இந்த இதழிலிருந்து எல்லாப் படக்கதைகளுக்கும் முதல் கட்டத்திலேயே ஓவியர் பெயர் வரும். கடைசிப் பக்கத்து அடியில் பொடி எழுத்தில் போடுகிற பழக்கத்துக்கு விடை கொடுத்தாயிற்று.

பெரம்பலூர், அரியலூர் மாவட்டப் பிள்ளைகளுக்கு ஓர் அழைப்பும் இருக்கிறது. உங்கள் ஊரை வைத்து ஒரு பக்கப் படக்கதை வரைந்து அனுப்புங்கள். கதைக்கா பஞ்சம்? பாடாலூருக்குக் கிழக்கே காரையின் செம்மண் ஓடைகளில், கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் இருந்ததற்குச் சாட்சியாக அம்மோனைட் சுருள்கள் கல்லாகிக் கிடக்கின்றன. சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்கு ஒரு மரமே கல்லாகிக் கிடக்கிறது. 1940-இல் புவியியல் அறிஞர் எம்.எஸ். கிருஷ்ணன் அதை உலகுக்குச் சொன்னார். ஊட்டத்தூர்க் கோயில் இருக்கிறது, ரஞ்சன்குடிக் கோட்டை இருக்கிறது, கங்கைகொண்ட சோழபுரம் இருக்கிறது. ஒன்றும் தோன்றவில்லையா? உங்கள் வீட்டு வெங்காயப் பட்டறையை வரையுங்கள். அடியில் இடைவெளி விட மறக்காதீர்கள்.

ஏ4 தாள், ஆறு கட்டத்துக்கு மேல் வேண்டாம், கறுப்பு மை. கணினியிலோ செல்போனிலோ வரைந்தாலும் சரி. தேர்ந்தெடுக்கும் பக்கங்கள் அடுத்தடுத்த இதழ்களில் சன்மானத்தோடு வரும். ஒரே ஒரு நிபந்தனை: உங்கள் பெயரை முதல் கட்டத்துக்குள்ளேயே எழுதியிருக்க வேண்டும்.

இத்தனை நேரம் ‘தம்பி, தம்பி’ என்றே சொல்லிவந்தேன், பெயரைச் சொல்லவில்லை என்று சிலர் கவனித்திருப்பீர்கள். வேண்டுமென்றேதான். படக்கதைப் பக்கத்துக்குப் போங்கள். முதல் கட்டத்தில் இருக்கிறது. படித்துவிட்டு அவருக்கே எழுதுங்கள். எனக்கு வருகிற கடிதங்களைவிட அவருக்கு ஒன்றாவது கூடுதலாக வர வேண்டும் என்பது என் ஆசை.

அன்புடன்,
ஆசிரியர்
பாடாலூர்